மாலை கழுத்தில் இருக்கும்வரை

பெரியப்பா செத்துப்போய்விட்டார். என் புருஷனுடைய பெரியப்பா. அதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. கீழே ரெஜினா அக்கா கறிக்குழம்பு கொதிக்கவிடுகிறாள், எனக்கு அடிவயிற்றைப் பிடுங்குகிறது, எல்லாம் இன்றைக்கே வந்து சேர வேண்டுமா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள் ரெஜினா அக்கா. அந்த மசாலா வாசம் மாடிப்படி ஏறி இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்தால் சாக்கடை, மூடினால் கறி. மற்ற நாளில் எனக்கும் நாக்கு ஊறும், இன்று குமட்டுகிறது. மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் ஒதுக்கி எடுத்து நாய்க்கு ஊற்றுவாள், அந்த நாய் நக்கும் சத்தம்கூட இங்கே கேட்கும். வசந்தி அக்கா போன் பண்ணியபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகனுடைய பெண்டாட்டி. நேற்று வரைக்கும் என்னை ஏறெடுத்துப் பார்க்காதவள் இன்று தாயி தாயி என்று அழுகிறாள். விடியக்காலம் காபி கேட்டாராம், போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டதாம், தம்பியை உடனே கிளம்பச் சொல்லு, சாயங்காலம் எடுத்துருவாங்க என்றாள். வாயில் நுரையோடு சரிக்கா, சரிக்கா என்றேன். துப்பிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தேன், அப்போது உட்கார்ந்ததுதான். இங்கிருந்து பார்த்தால் எதிர்வரிசையில் எங்கள் வீடு தெரிகிறது, கொடியில் அவனுடைய கறுப்பு வேட்டி காய்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறான் என் புருஷன். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் மாலையைக் கழற்றிவிட வேண்டும். மாலை கழன்றால் அவன் குடிப்பான். இவ்வளவுதான் விஷயம், இதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மாலை போட்டவன் இருக்கிற வீட்டில் தூரமான பெண் இருக்கக் கூடாது. அதனால் கார்த்திகை பிறந்தால் அந்த நாட்களில் எனக்கு ரெஜினா அக்கா வீட்டு மாடி. அவர்கள் வேதக்காரர்கள், அவர்களுக்கு இந்தத் தீட்டெல்லாம் கிடையாது. ஒரு டிரங்குப் பெட்டி, கை உடைந்த கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள், ஒரு பாய், நான். என் நிழல் அவன்மேல் படக் கூடாதாம். என் குரல் காதில் விழலாம், முகத்தைப் பார்க்கக் கூடாதாம். நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் வயிறு இன்னும் வலிக்கிறது. என் உடம்பிலிருந்து வருவது அசுத்தம். அவன் உடம்பிலிருந்து வந்ததை எல்லாம் வாரியது யார்? வாந்தியில் சுண்டலும் ஊறுகாயும் கரையாமல் அப்படியே கிடக்கும், புளித்த நாற்றம் கண்ணைக் கரிக்கும், அதன்மேலேயே கன்னத்தை வைத்து வாயைத் திறந்துபோட்டுத் தூங்குவான். மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளுமே என்று விரலை அவன் வாய்க்குள் விட்டுத் துழாவி எடுத்திருக்கிறேன். வழவழவென்று அந்த நாக்கு. தூக்கத்தில் குழந்தை சப்புகிற மாதிரி என் விரலை ஒரு தடவை சப்பினான், எனக்குத் தூக்கிப்போட்டது, கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்க் குழாயடியில் நின்றேன், திரும்பி வந்து மறுபடியும் விரலை விட்டேன். இத்தனைக்கும் நான் அருவருப்புப் படுகிற ஆளே இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. திண்டுக்கல்லில் பாதிப்பேருடைய மூத்திரமும் மலமும் சளியும் பேர் ஒட்டிய டப்பாவில் என் மேசைக்கு வந்துதான் போகும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அந்தக் கையைக் கழுவிவிட்டு எலுமிச்சைச் சாதம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். அதெல்லாம் யாருடையதோ. அருவருப்பு சொந்தக்காரனிடம்தான் வரும்போல.

மறுபடியும் போன் அடிக்கிறது. வசந்தி அக்காதான். எடுக்கவில்லை, எடுக்காமல் விட்டால் எங்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தேடிப்பிடித்து அவளே அவனிடம் பேசிவிட்டால் என்ன பண்ணுவது என்று எடுத்துவிட்டேன். உங்க தம்பி பஜனைக்கோஷ்டியோட வெளியூரு போயிருக்குக்கா, சாமிமாருக போனு வச்சுக்கிறதில்ல, ஆள் விட்டிருக்கேன் என்றேன். எங்கிருந்து வந்தது இந்த ஆள்? வாயைத் திறந்ததும் வந்து விழுந்தது. அவனுக்கு போன் இல்லை என்பது மட்டும் உண்மை. போன ஆவணியில் எவனோடோ சண்டை போட்டு அதைச் சாக்கடையில் வீசிவிட்டான், அதிலிருந்து அவனுக்கு வருகிற எல்லாமே என் போனில்தான். வசந்தி அக்கா, நீர்மாலைக்கு, குளிப்பாட்டத் தண்ணி எடுக்க, அவன் வராம எப்படித்தா, மாமா அவனைத்தான மூத்த பிள்ளையா நெனச்சாக என்றாள். பின்னால் கொட்டுக்காரர்கள் வந்துவிட்ட சத்தம் கேட்டது. சரி என்று வைத்துவிட்டு போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். அடியில் தள்ளினால் என்ன, செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிடப் போகிறாரா.

கொட்டுச் சத்தம் கேட்டதும் எனக்குச் சாராய வாசம்தான் வந்தது. சாவு வீட்டுக்கு அவனை அனுப்புவதும் கடையில் கொண்டுபோய் உட்காரவைப்பதும் ஒன்றுதான். பந்தலுக்குப் பின்னால் வைக்கோல்போர்ப் பக்கம் ஒரு கூட்டம் இருக்கும். வாடா தனுஷ்கோடி, ஆத்தமாட்டாம நிக்கிற, ஒரு வாய் ஊத்திக்க, தாங்கும் என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் முதலில் வேண்டாம் என்பான், கழுத்தைத் தடவிப் பார்ப்பான், கழுத்து வெறுமையாக இருக்கும். அப்புறம் ஒரு கை நீளும். முதல் வாய் உள்ளே போனதும் அவன் முகம் எப்படி இளகும் என்று எனக்கு மனப்பாடம். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்தபோதுகூட அந்த முகம் அப்படி இளகியதில்லை. போன ஆடியில் கறுப்புக் கறுப்பாக ரத்தம் கக்கினான். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்த வந்த பெண்ணுக்கு நரம்பு சிக்கவில்லை, தள்ளிப் போம்மா என்று நானே ரத்தம் எடுத்தேன். குழாயில் தெளிந்து நின்ற நீர் விளக்கெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது எனக்கு, எந்த மெஷினும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார், இனி ஒரு தடவை ஆரம்பித்தால் இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று. என்னைப் பார்த்து ஏன் சொன்னார்? நானா குடித்தேன்? இவனைக் கட்டிக்கொண்டவளுக்கு ஊரில் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள், பார்த்துக்கோம்மா, பார்த்துக்கோம்மா என்று. எதைப் பார்த்துக்கொள்வது? பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகும் குடித்தான். என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான், நிற்கவில்லை. பிள்ளை தலையில் அடித்தான், அதுவும் நிற்கவில்லை. மலையடிவாரக் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தான், கயிற்றைச் சட்டைக்கைக்குள் ஒளித்துக்கொண்டு குடித்தான். இந்தத் துளசிமணி மாலை மட்டும் நிற்கிறது. வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி குருசாமி கையால் கழுத்தில் விழுந்ததும் ஆளே வேறு. கிரில் பட்டறையில் கூட வேலை பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாலும் எழுந்து போய்விடுவான். எனக்காக நிற்காதது, பிள்ளைக்காக நிற்காதது, அவருக்காக நிற்கிறது. எனக்கு ஐயப்பன்மேல் பொறாமை. வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். போன வருஷம் மலையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு வருகிறவரைகூடப் பொறுக்கவில்லை, வரும் வழியிலேயே கழற்றிவிட்டான், வேனிலிருந்து அவனை இறக்கிப் படுக்கவைத்தார்கள். ஒரு கையில் அரவணை டப்பா. பிரசாதத்தின் நெய் வாசமும் பிராந்தி வாசமும் சேர்ந்து ஒரு வாடை வந்தது பார், இன்றைக்கும் யாராவது அரவணை கொடுத்தால் வாங்கி அப்படியே ரெஜினா அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். இந்த வருஷம் அவனே குருசாமியிடம் போய்த் தை வரைக்கும் போட்டுக்கொள்கிறேன் சாமி என்று கேட்டிருக்கிறான், ஜோதி பார்த்துவிட்டு வந்துதான் கழற்றுவானாம். தை வரைக்கும் தாங்கினால் ஈரல் கொஞ்சம் தேறும். தேறினால் அப்புறம் ஏதாவது பண்ணலாம். என்ன பண்ணலாம் என்று தெரியாது, ஏதாவது.

இதில் கேவலம் என்னவென்றால் எனக்கு இந்தச் சாமியைப் பிடித்திருக்கிறது. காலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சந்தனம் பூசி, தாளம் தப்பிச் சரணம் பாடுவான். கேட்டுக்கொண்டே அடுப்படியில் நிற்பேன், உடம்பெல்லாம் நிம்மதியாக இருக்கும். என்னையும் சாமி என்றுதான் கூப்பிடுகிறான். சாமி, தண்ணி குடுங்க சாமி. வருஷத்தின் மற்ற மாதங்களில் என்னை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டானோ அதே வாய். நானும் சாமி என்கிறேன், மரியாதையாகத் தட்டை வைக்கிறேன், காலில் விழச் சொன்னால் விழவும் செய்கிறேன், மனதுக்குள் மட்டும் அவன் அவன் என்றே ஓடுகிறது. எது என் புருஷன்? தரையில் பாய் விரித்துப் படுக்கிற, பக்கத்தில் வராத, தொடாத இவன்தானா? அப்படியானால் அவன் என்னைத் தொடுகிற மாதங்களில் எல்லாம் நான் யாரோடு படுத்திருந்தேன்? நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன், அதுதான் உண்மை. மதுமிதாவுக்கு ஒன்பது வயது. அப்பா வந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். பார்க்கிறவர்கள் அப்பாமேல் எவ்வளவு பாசம் என்பார்கள். எனக்குத் தெரியும், அவள் மூக்கை அவன் வாய்கிட்டக் கொண்டுபோய் முகர்கிறாள். முகர்ந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், இல்லை என்றோ ஆமாம் என்றோ. ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கார்த்திகையில்தான் முகராமல் கட்டிக்கொள்கிறாள். அதைப் பார்த்தபோது ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது, அழாமல் பாத்திரம் தேய்த்தேன். அவன் குருசாமி வீட்டுக்குப் போயிருக்கும்போது ரகசியமாகக் கேட்டாள், அப்பா எப்பவுமே சாமியா இருக்க முடியாதாம்மா என்று.

பெரியப்பா நல்ல மனுஷன். அப்பன் இல்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் போதையில் சாப்பாட்டுத் தட்டிலேயே மூத்திரம் போய்விட்டான். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். அப்புறம் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, எம் பிள்ளதான் தாயி, ஆனாலும் சொல்றேன், நீ பிள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிரு, உன்னய ஒருத்தரும் குத்தம் சொல்லமாட்டாக என்றார். என் அம்மா சொல்லவில்லை, அண்ணன் சொல்லவில்லை, எல்லாரும் பொறுத்துக்கோ என்றார்கள். அந்த மனுஷன் ஒருத்தர்தான் போ என்றார். அவர் இப்போது நடுவீட்டில் கட்டிப்போட்ட தாடையோடு படுத்திருக்கிறார், வளர்த்த பிள்ளை வருவானா என்று ஊரே வாசலைப் பார்க்கிறது, நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். எனக்கே என்மேல் வாந்தி வருகிறது. சொல்லிவிடலாம். இறங்கிப்போய் ரோட்டில் நின்று சாமி, பெரியப்பா போய்ட்டாரு என்று ஒரு வார்த்தை. அப்புறம் பெரியப்பாவோடு சேர்த்து இவனையும் எடுக்க வேண்டியதுதான், கொஞ்சம் முன்னே பின்னே. சொல்லாமல் இருந்தால் நாளைக்கோ அடுத்த வாரமோ தெரிந்துவிடும், ஊர் காறித்துப்பும், அவன் என்னைக் கொன்றாலும் கொல்வான். கொல்லட்டுமே, சாமியாக இருக்கும்போது கொல்ல மாட்டான். இப்படிக்கூட யோசிக்கிறேன் பார். சொல்லிவிடலாம். தெரிந்துவிட்டால் தானாகவே கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ? சொல்ல மாட்டான். கழற்றுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று அவனுக்குள்ளே ஒருவன் உட்கார்ந்துகொண்டேதான் இருப்பான், எனக்குத் தெரியாதா அவனை.

படிக்கட்டுக்குக் கீழே தொண்டையைச் செருமுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். கறுப்பு வேட்டி, தோளில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ரெஜினா அக்கா வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றான். பார்க்கக் கூடாதே. தூக்குச்சட்டியைக் குனிந்து முதல் படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போனான். நீங்க வயித்துவலில கெடப்பீங்கன்னு நானே ஆக்கினேன் சாமி, பருப்புச் சாதம், வாழைக்காய் பொரிச்சிருக்கேன், சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க என்றான். பின்கழுத்தில் சோப்பு நுரை சரியாகக் கழுவாமல் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் துடைத்துவிட வேண்டும்போல் எனக்குக் கை துறுதுறுத்தது. என்ன ஜென்மம் நான். அழுகையும் வந்தது, குமட்டலும் வந்தது. பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டேன், சாப்பிட்டுவிட்டாளாம். போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றான்.

"பெரியப்பாட்ட ஒரு வார்த்தை பேசணும் சாமி. மனசுல அவருதான் ஓடிக்கிட்டே இருக்காரு. போனப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு அங்கனக்குள்ளயே பிடிங்க, நான் இங்கருந்து பேசிக்கிறேன்."

என் வாய் திறந்துகொண்டது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

"காலைலயே வசந்தி அக்கா பேசுச்சு சாமி. பெரியப்பா நல்லாத் தூங்குறாராம். ராத்திரியெல்லாம் இருமலாம், விடியக்காலம்தான் காபி கேட்டுருக்காரு, அப்பறம் அப்படியே கண்ணசந்துட்டாராம். எழுப்ப வேணாம்னுச்சு."

காபியைக்கூட விடவில்லை. பொய்யில் நாலு உண்மையைக் கலக்க வேண்டும், கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள். பிராந்திக் கடையில் வரிசையில் நின்றுவிட்டு வந்து, பட்டறையில் வெல்டிங் மெஷின் சூடாகிப் புகை வந்தது, முதலாளிக்கு போன் பண்ணி ஆள் வரவழைத்துச் சரிபண்ணினோம் என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்வானே, அவனிடம்தான் கற்றிருக்கிறேன். எனக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை, கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, முதுகைப் பார்த்துச் சொன்னால் போதும். அவன் தலையை ஆட்டினான், தூங்கட்டும் சாமி, தூங்கட்டும் என்றான். மாலையைக் கையில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அவரு பேருக்கும் ஒரு தேங்காய்க்கு நெய் நெறச்சுக் கொண்டுபோகணும் சாமி. ஆயுசு கெட்டியா இருக்கணும்ல அவருக்கு."

ஆமா சாமி என்றேன்.

அவன் ரோட்டைக் கடந்து வீட்டுக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தில் மாலை இருந்தது. அது போதும், அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடம்பு இளகிக்கொண்டே வந்தது, வயிற்றுவலிகூட இல்லை. இன்றைக்கு ஒரு நாள் கிடைத்துவிட்டது. நாளைக்கு வசந்தி அக்காவுக்கு என்ன சொல்வாய், அடுத்த வாரம் இவனுக்கு என்ன சொல்வாய் என்று யாராவது வந்து கேட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இந்தப் பதிலை எத்தனை தடவை அவன் வாயிலிருந்து கேட்டுக் காறித்துப்பியிருக்கிறேன். படியிறங்கித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். சாவு வீட்டில் பிணத்தை எடுக்கிறவரைக்கும் பங்காளிகள் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. அங்கே எல்லாரும் பட்டினி உட்கார்ந்திருப்பார்கள், பெரியப்பாவைக் குளிப்பாட்டுவார்கள், நீர்மாலைக்கு இவனுக்குப் பதிலாக எவனாவது குடத்தைத் தூக்குவான். மூடியைத் திறந்தேன். பெருங்காய வாசம் வந்தது. கீழே நாய் குழம்பை நக்குகிற சத்தம் கேட்டது. பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பசி இல்லை இல்லை என்று நினைத்தபடியே, சாதத்தைக் கையில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன், வாழைக்காயைச் சாப்பிட்டேன், விரலை நக்கினேன், அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்து நக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாம் என்று தோன்றியது.